தாடை ஆபரேஷன் செய்தும் பல்செட் ஆடுகிறதே?

கேள்வி: எனக்கு வயது 68. கீழ்ப் பல்செட் நிற்கவில்லை என்று இருபது வருஷத்துக்கு முன்னால் தாடையில் ஆபரேஷன் செய்து, தொடைத் தோலை எடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். நன்றாக நின்றது. இப்போது மறுபடி ஆடுகிறது. கீழுதட்டில் இடப்பக்கம் அன்றிலிருந்தே மரத்திருக்கிறது. தோல் வைத்த இடம் வெளுத்திருப்பதைப் பார்த்தால் புற்றோ என்று பயமாக இருக்கிறது. திரும்ப ஆபரேஷன் செய்யலாமா? - வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, முதலில் அந்த வெள்ளை. தொடைத் தோல் வாய்க்குள் வந்தாலும் தொடைத் தோல்தான். எத்தனை வருஷமானாலும் ஈறு போலச் சிவக்காது. எச்சிலில் ஊறி வெளுத்தே கிடக்கும். சிலருக்கு அதில் பூனைமுடிகூட முளைக்கும், லேசாக வாடை அடிக்கும். மிருதுவான பிரஷ்ஷால் தினமும் தேய்த்துவிட்டால் போதும். ஆனால் அந்த இடம் தடித்தாலோ, சிவந்தாலோ, புண் வந்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ உடனே காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர் என்றால், எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது.

உதடு மரத்ததற்குக் காரணம் அந்த ஆபரேஷன்தான். உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, கீழ்த்தாடையின் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. எலும்பு தேயத் தேய அந்தத் துளை, செட் உட்காரும் தாடை மேட்டின் உச்சிக்கே வந்துவிடும். அங்கே கத்தி வைத்தால் நரம்பை விலக்காமல் முடியாது. ஒரு வருஷத்துக்குள் திரும்பாத உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. இதற்காக நரம்புச் சத்து மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குவது வீண் செலவு. காபியை ஆற்றி, டம்ளரை வலப்பக்க உதட்டில் வைத்துக் குடியுங்கள். மரத்த பக்கம் வெந்தாலும் தெரியாது. மாதம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சுத் திரியால் உதட்டைத் தடவிப் பாருங்கள். மரத்த இடம் பழைய எல்லையைத் தாண்டிப் பரவினால் அது வேறு விஷயம், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

செட் ஆடுவது ஆபரேஷனின் கோளாறு இல்லை. அதில் புதிதாக எலும்பு எதுவும் வைக்கவில்லை. மேலேறி ஒட்டியிருந்த தசையைக் கீழே இறக்கி, இருந்த மேட்டை வெளியே காட்டினார்கள், அவ்வளவுதான். பல் போன தாடை ஆயுள் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகத் தேயும். சொதியும் சோறும் சமாளித்துவிடலாம். பனங்கிழங்கு கடிக்கும்போதுதான் செட்டின் வண்டவாளம் தெரியும்!

அதே ஆபரேஷன் மறுபடி வேண்டாம் என்பேன். வெளியே காட்டுவதற்கு மேடு மிச்சமிருக்காது, வலப்பக்க நரம்பும் போகலாம். இன்று இதற்கு வேறு வழி இருக்கிறது. முன்தாடை எலும்பில் திருகு மாதிரி இரண்டு இம்ப்ளான்ட் பதித்து, செட்டை அதில் கிளிப் மாதிரி மாட்டிவிடுவார்கள். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டு நரம்புத் துளைகளுக்கும் நடுவில் வைப்பதால் உதட்டுக்கு ஆபத்து குறைவு. எலும்பு போதுமா என்று ஸ்கேன் சொல்லிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

அதுவரை செட்டின் அடிப்பக்கத்தை ஈறுக்கு ஏற்ப ரீலைன் செய்துகொள்ளலாம், அதாவது அடியில் புதுப் பூச்சு கொடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். குத்துகிறதே என்று வீட்டில் அரம் வைத்து மட்டும் ராவிவிடாதீர்கள்.