உயிரைக் குடிக்கும் விஷக் காளான் டெத் கேப்பா இல்லையா? வாசகர் கேள்விகளுக்கு பதில்

கே: ஓக் மரத்தடியில முளைச்சிருக்கு, மேல லேசா பச்சை கலந்த மஞ்சள். ஃபோட்டோ அனுப்பியிருக்கேன், இது டெத் கேப்பா சார்?

ப: ஃபோட்டோல குடையோட மேல்பக்கம் மட்டும்தான் தெரியுது, அதை வச்சு நான் வாயே திறக்க மாட்டேன். நிறத்தை நம்பாதீங்க, ஆலிவ் பச்சையிலயும் வரும், மஞ்சள்லயும் வரும், சில சமயம் சுத்த வெள்ளையாவும் வரும். திருப்பி அடியில பாருங்க, செவுள் (குடைக்கு அடியில வரிசையா இருக்கிற மெல்லிய தகடுங்க) வெள்ளையா இருக்கா, தண்டுல பாவாடை மாதிரி சவ்வு தொங்குதா? (அது உதிர்ந்தும் போயிருக்கலாம், இல்லேன்னா தப்பிச்சோம்னு அர்த்தம் இல்ல.) முக்கியமான அடையாளம் மண்ணுக்குள்ளதான், தண்டோட அடி ஒரு வெள்ளைப் பைக்குள்ள உக்காந்திருக்கும். நம்மாளுங்க கத்தியால மேலோட அறுத்துட்டு வந்துடறாங்க, பை மண்ணுலயே தங்கிடுது, அப்புறம் யார்கிட்ட காட்டி என்ன பிரயோஜனம்? பக்கத்துல கத்தியை விட்டு நெம்பி முழுசா எடுங்க. ஓக், பீச், செஸ்ட்நட் வேரோட கூட்டு வச்சு வாழற காளான் இது, பூர்வீகம் ஐரோப்பா, நடறதுக்கு கொண்டுபோன மரங்களோட வேர்ல ஒட்டிக்கிட்டே ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா வரைக்கும் போயிடுச்சு. அதனால மரம் என்னன்னும் எழுதி அனுப்புங்க.

கே: நாம சாப்பிடற வைக்கோல் காளானுக்கும் அடியில பை இருக்கே, எப்படி பிரிக்கிறது?

ப: இதுலதான் நிறைய பேர் ஏமாந்திருக்காங்க. வைக்கோல் காளானுக்கு தண்டுல வளையம் கிடையாது, முத்த முத்த செவுள் இளஞ்சிவப்பாயிடும். குடையை மட்டும் எடுத்து செவுள் கீழ இருக்கிற மாதிரி பேப்பர்ல வச்சு, பேப்பர் பாதி கருப்பு பாதி வெள்ளையா இருந்தா நல்லது, மேல ஒரு டம்ளரை கவுத்து ராத்திரி பூரா விட்டுடுங்க. காலையில விழுந்திருக்கிற தூள் இளஞ்சிவப்பா இருந்தா வைக்கோல் காளான் பக்கம், வெள்ளைன்னா டெத் கேப்பா இருக்கலாம், தொடாதீங்க. விரியாத முட்டை பருவத்துல இந்த டெஸ்ட் வேலைக்கே ஆகாது, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அந்த பருவத்துல காட்டுல பறிக்கிறதே வேண்டாம்.

கே: வெள்ளி ஸ்பூன் கருத்தா விஷம், பூச்சி கடிச்சிருந்தா நல்லதுங்கிறாங்களே?

ப: ரெண்டும் கப்சா. நத்தை டெத் கேப்பை தின்னுட்டு ஜாலியா ஊர்ந்து போகும், நமக்குதான் ஆபத்து. கொதிக்க வச்சாலும் காய வச்சாலும் அதுல இருக்கிற அமாடாக்சின்ங்கிற விஷம் அழியாது. பிழைச்சவங்க பலபேர் ருசியா இருந்துச்சுன்னு வேற சொல்லியிருக்காங்க!

கே: கையால தொட்டுட்டேன்...

ப: ஒண்ணும் ஆகாது, கை கழுவிட்டு வேலையைப் பாருங்க.

கே: சாப்பிட்டு நாலு மணி நேரமா ஒண்ணும் பண்ணலேன்னா சேஃப்தானே?

ப: இல்லவே இல்ல. வாந்தி, பேதி ஆரம்பிக்கவே பெரும்பாலும் 6-லேருந்து 12 மணி நேரம் ஆகும், சில பேருக்கு அதுக்கு மேலயும் இழுக்கும். அப்புறம் ஒரு நாள் கிட்ட எல்லாம் சரியான மாதிரி தெரியும், வீட்டுக்குப் போயிடலாம்னு தோணும், ஆனா உள்ள கல்லீரல் செல் புது புரோட்டீன் செய்ய முடியாம செத்துக்கிட்டிருக்கும். பெரிய ஆளோட உயிரை எடுக்கவே அரைக் குடை போதும். சந்தேகம் வந்த நிமிஷமே, அறிகுறிக்கு காத்திருக்காம, கூட சாப்பிட்ட எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க, மிச்சம் மீதி காளான், குப்பையில போட்ட தண்டு எது இருந்தாலும் பேப்பர்ல சுத்தி கையோட எடுத்துட்டுப் போங்க.