பணிவுள்ளவரால் தொழிலில் உறுதியான முடிவுகளை எடுக்க முடியுமா?

பணிவான தலைவர் தொழிலை வளர்ப்பதற்குத் தேவையான கடினமான முடிவுகளை எடுக்கத் தயங்குவாரா என்ற கேள்விக்கு, ஜப்பானின் ஹோண்டா நிறுவன வரலாற்றில் நல்ல விடை இருக்கிறது.

1948-இல் நிறுவனத்தைத் தொடங்கிய சொய்சிரோ ஹோண்டா, அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த தக்கேயோ ஃபுஜிசாவாவிடம் நிதியையும் விற்பனையையும் முழுமையாக ஒப்படைத்துவிட்டு, தாம் தொழில்நுட்பத்தோடு நின்றுகொண்டார். தமக்கு வராத வேலையை இப்படி விட்டுக்கொடுத்தவர் சாதுவான மனிதர் அல்லர். பட்டறையில் அவருடைய கோபம் பெயர்போனது.

1960-களின் இறுதியில், கார் எஞ்சினைக் காற்றால் குளிர்விப்பதே சிறந்தது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். புகையைக் கட்டுப்படுத்த நீரால் குளிர்விக்கும் எஞ்சினே ஏற்றது என்று இளம் பொறியாளர்கள் வாதிட்டனர். நிறுவனத்தில் அவர் இருக்க விரும்புவது தலைவராகவா, பொறியாளராகவா என்று ஃபுஜிசாவா கேட்டபோது, தலைவராகத்தான் என்று விடையளித்த ஹோண்டா, தம் கருத்தைக் கைவிட்டு இளைஞர்களுக்கு வழிவிட்டார். என் பார்வையில், அவர் எடுத்தவற்றிலேயே மிகத் துணிச்சலான முடிவு இதுதான். அதன் பயனாக உருவாகி 1972-இல் அறிவிக்கப்பட்ட சி.வி.சி.சி. என்ற குறைந்த புகை எஞ்சின், அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் கடுமையான புகை வரம்புகளை, வினையூக்கி மாற்றியின் (புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி) துணையின்றியே நிறைவு செய்தது.

1973-இல் இருவரும் ஒன்றாக ஓய்வுபெற்றபோது, தலைமைப் பொறுப்பு குடும்பத்தாருக்குச் செல்லாமல், நிறுவனத்திலேயே வளர்ந்த கியோஷி கவாஷிமாவிடம் சென்றது.