ஆப்கானிஸ்தான்ல அமெரிக்க ராணுவத்துல இருந்த என் மச்சானுக்கு குடல் கேன்சர், விஏ-ல (முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசு துறை) டிசெபிலிட்டி பணம் கிடைக்குமா?

கிடைக்கும்ங்க. கிடைக்கிறது கூட அவ்ளோ கஷ்டம் இல்ல, ட்ரீட்மெண்ட் முடிஞ்சப்புறம்தான் தலைவலி, எங்க வீட்ல அங்கதான் மாட்டினோம்.

2022 ஆகஸ்ட்ல வந்த பேக்ட் ஆக்ட் படி, ஆப்கானிஸ்தான் போனவங்களுக்கு குடல் கேன்சர் வந்தா அது சர்வீஸ்னால வந்ததுன்னு விஏ-வே எடுத்துக்கும். கேம்ப்ல குப்பை, பிளாஸ்டிக்னு எல்லாத்தையும் குழியில போட்டு எரிச்சாங்களே, அந்த புகைக்காக வந்த சட்டம். புகைனாலதான் வந்துச்சுன்னு நீங்க நிரூபிக்க வேணாம், டிடி 214-ம் (ராணுவத்துல இருந்து வெளிய வரும்போது குடுக்கற சர்வீஸ் பேப்பர்) பயாப்சி ரிப்போர்ட்டும்தான் முக்கியம். ஆனா பேப்பர் எல்லாம் சேரட்டும்னு உக்காந்துடாதீங்க, கிளெய்ம் பண்ணப் போறேன்னு முன்கூட்டியே சொல்ற 'இன்டென்ட் டு ஃபைல்' இன்னைக்கே போட்டு வைங்க, ஒரு வருஷத்துக்குள்ள முழு கிளெய்ம் குடுத்தா பொதுவா அந்த தேதில இருந்தே பணம் கணக்காகும். கிளெய்ம் எழுத காசு கேக்குறவன் பக்கமே போகாதீங்க, டிஏவி (டிசேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ்) மாதிரி முன்னாள் ராணுவத்தினர் அமைப்புல ஃப்ரீயா பண்ணித் தருவாங்க.

பாதிப்பு எவ்ளோன்னு விஏ ஒரு சதவீதம் போடும், அதுதான் ரேட்டிங், பணம் அதப் பொறுத்துதான். கேன்சர் ஆக்டிவ்வா இருக்கற வரைக்கும் 100% ரேட்டிங். 2025-ல தனி ஆளுக்கு மாசம் 3,831 டாலர், டாக்ஸ் கிடையாது, மனைவி குழந்தை இருந்தா கொஞ்சம் கூட வரும்.

இப்ப எங்க கதை. என் மாமனார் வியட்நாம் போனவர், வெள்ளைக்காரர், ப்ராஸ்டேட் கேன்சர். வியட்நாம் போர்ல தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்ச்ங்கற கெமிக்கலுக்கான நோய் லிஸ்ட்ல இருக்கறதால 100% ஈஸியா வந்துச்சு. இது நிரந்தரம்னு நாங்களும் நிம்மதியா இருந்துட்டோம். ட்ரீட்மெண்ட் முடிஞ்சு ஆறு மாசம் ஆனதும் திரும்ப எக்ஸாம் வைக்கிறாங்க, கேன்சர் திரும்ப வரலன்னா அப்புறம் கேன்சருக்கு ரேட்டிங் இல்ல, அது விட்டுட்டுப் போன கோளாறுக்குத்தான். ப்ராஸ்டேட்னா யூரின் லீக் ஆகுதே, அதுக்கு ஒரு நாளைக்கு எத்தன பேட் மாத்துறீங்கன்னு எண்ணுவாங்க. ரெண்டுக்கு கம்மின்னா 20%, ரெண்டுல இருந்து நாலுன்னா 40%, நாலுக்கு மேலன்னா 60%. சத்தியமா இப்படித்தான் ரூல் இருக்கு.

மனுஷன் அங்க போய் "ஐ ஆம் ஃபைன்"னு சொல்லிட்டு, ஒரு பேட் போதும்னுட்டு வந்துட்டார். கேட்டது ஒரு சின்னப் பொண்ணாம், வெக்கமா இருந்துச்சாம். மாத்துறது மூணு நாலு, அது குப்பைக்கூடைய கொட்டுற எங்க மாமியாருக்குத்தானே தெரியும். 20%-க்கு குறைக்கப் போறோம்னு லெட்டர் வந்தப்புறம்தான் வீட்ல வெடிச்சுது. பதில் குடுக்க 60 நாள் டைம் இருந்துச்சு, பாத்ரூம்ல காலண்டர் மாட்டி ஒவ்வொரு பேடுக்கும் ஒரு கோடு போட வெச்சோம், யூராலஜிஸ்ட் நோட்டும் மாமியார் கைப்பட எழுதின லெட்டரும் சேத்து அனுப்பினோம், 40% நின்னுச்சு. அவரு இன்னும் கோடு போட்டுட்டுதான் இருக்காரு, நிறுத்தச் சொன்னா முறைக்கிறாரு.

உங்க மச்சானுக்கும் கீமோ, சர்ஜரி எல்லாம் முடிஞ்சு ஆறு மாசத்துல அந்த எக்ஸாம் வரும். எத்தன தடவ பாத்ரூம் போறாரு, ராத்திரி எந்திரிக்கிறாரா, கை கால் மரத்துப் போகுதான்னு இப்பவே ஒரு நோட்டுல எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்க, எக்ஸாமுக்கு உங்க அக்காவோ தங்கச்சியோ கூடவே போகட்டும்.