நெடும்பயண பைக்கின் பின்புற ஷாக் அப்சார்பர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பின்னால் ஒருவர் அமர்ந்து, பக்கப் பெட்டிகளும் நிறைந்திருந்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்புறம் அடிவரை அமுங்கி இடிக்கிறது. பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே சற்று அமுக்கி வைக்கும் அமைப்பை) முழுவதும் ஏற்றிவிட்டேன். விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அது சரியன்று. சீரான சுருள்களைக் கொண்ட ஸ்பிரிங்கின் விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை ஆகியவையே. பிரீலோட் வண்டி நிற்கும் உயரத்தை மட்டும் மாற்றுகிறது. பின்னால் அமர்பவரின் எடையும் பெட்டிகளின் எடையும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மீதே விழுவதால், தனியாகச் செல்பவருக்குப் பொருந்திய ஸ்பிரிங் உங்களுக்குப் போதாமல் போவதில் வியப்பில்லை.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும் நிலையில், சக்கர அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் உடலில் ஒட்டிய சிறு டேப் துண்டு வரையுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வண்டி தன் சொந்த எடையில் நிற்கும்போது ஒருமுறையும், வழக்கமான சுமையுடன் இருவரும் அமர்ந்திருக்கும்போது இன்னொருமுறையும் அதே தூரத்தை அளக்க வேண்டும். இதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் துணைக்குத் தேவை. முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வேறுபாடு, சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்த தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அதாவது 120 மில்லிமீட்டர் அசைவுள்ள வண்டியில் 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை. பிரீலோடை ஏற்றித்தான் இந்த அளவை எட்ட முடிகிறது, ஆனால் ஆள் இல்லாதபோது வண்டி சற்றும் அமுங்காமல் விறைத்து நிற்கிறது என்றால், ஸ்பிரிங் மென்மையானது என்பது உறுதி. டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) நல்ல நிலையில் இருந்தால், அதன் மீது விறைப்பான ஸ்பிரிங்கை மாற்றுவதே முதல் வேலை. புதிய ஷாக் அப்சார்பர் வாங்குவதானாலும், உங்கள் எடை, பின்னால் அமர்பவரின் எடை, பெட்டிகளின் எடை ஆகிய மூன்றையும் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்குடன் கேளுங்கள்.

கேள்வி: காலையில் நன்றாக ஓடும் வண்டி, மேடுபள்ளமான சாலையில் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு படகுபோல் ஆடுகிறது. ஏன்?

பதில்: டேம்பரின் உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளும்போது, அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போகிறது; வாயுவும் எண்ணெயும் கலந்து நுரைத்தால் தடுப்பு விசை மேலும் குறைகிறது. நைட்ரஜன் அறையை மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைத்திருக்கும் அமைப்பில் இந்த நுரை பெரிதும் தவிர்க்கப்படுகிறது. தனிக் குடுவை உள்ளவற்றில் எண்ணெயின் அளவும் குளிரும் பரப்பும் கூடுகின்றன. சுமையோடு நீண்ட தூரம் செல்பவருக்கு, கூடுதல் பணம் கொடுப்பதற்கு இது நியாயமான காரணம் என்பது என் கருத்து.

ஆனால் முதலில் டேம்பர் தண்டைத் துடைத்துவிட்டு, சில கிலோமீட்டர் ஓட்டி வந்து பாருங்கள். தண்டில் ஈரமான எண்ணெய் வளையமும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், சீல் போய்விட்டது. பிரித்துப் பழுதுபார்க்கக்கூடிய வகையா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது, பிற்காலச் செலவைப் பெரிதும் குறைக்கும்.

கேள்வி: ரீபவுண்ட் திருகியை (அமுங்கிய ஷாக் அப்சார்பர் மீண்டும் நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகியை) எந்த எண்ணிக்கையில் வைப்பது?

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. திருகியை மென்மையாக முழுவதும் மூடி, அங்கிருந்து தயாரிப்பாளர் கூறும் கிளிக்குகளைத் திறந்து தொடங்குங்கள். ஒரு மேட்டைக் கடந்தபின் பின்புறம் இரண்டு மூன்று முறை எழுந்து தாழ்ந்தால், ரீபவுண்ட் தடுப்பு போதவில்லை. அடுத்தடுத்து வரும் சிறு மேடுகளில் பின்புறம் எழவே நேரமின்றி தாழ்ந்துகொண்டே போய் இருக்கை கடினமாகத் தட்டினால், அது மிகையாகிவிட்டது. பலர் இதை ஸ்பிரிங்கின் குறை என்று எண்ணி ஏமாறுகிறார்கள். ஒருமுறைக்கு இரண்டு கிளிக்குக்கு மேல் மாற்றாதீர்கள். ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: தரை இடைவெளிக்காகச் சற்று நீளமான ஷாக் அப்சார்பர் போடலாமா?

பதில்: பின்புறம் உயர்ந்தால் முன்ஃபோர்க் செங்குத்தாகி, டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும், வண்டி விரைவாகத் திரும்பும், ஆனால் வேகத்தில் நேராகச் செல்லும் உறுதி குறையும். சைடு ஸ்டாண்டிலும் வண்டி கூடுதலாகச் சாயும். பெட்டிகளுடன் செல்லும் வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இரட்டை ஷாக் அப்சார்பரில் ஒன்று மட்டும் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. இரு பக்கத் தடுப்பு விசையும் வேறுபட்டால் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) முறுக்கப்படும். இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

கேள்வி: என் வண்டியில் மின்னணு சஸ்பென்ஷன் உள்ளது. சாதாரண வகைக்கு மாறினால் சிக்கல் வருமா?

பதில்: இணைப்பைக் கழற்றினால் கட்டுப்பாட்டுக் கணினி பெரும்பாலும் பிழையென எச்சரிக்கை காட்டும். உங்கள் மாடலுக்கான மாற்று மின்னிணைப்பு கிடைக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி: புதியவற்றைப் பொருத்தியபின் கவனிக்க வேண்டியவை?

பதில்: ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும்போது அல்லாமல், வண்டி தன் எடையில் நிற்கும்போதே குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்குங்கள், இல்லையேல் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். பின்புற உயரம் மாறியிருப்பதால் முகப்பு விளக்கின் சாய்வையும் சரிபாருங்கள். சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடியதும், அதே டேப் துண்டிலிருந்து மீண்டும் அளந்து பிரீலோடைத் திருத்துங்கள்.