தை மாதம் யாருக்கு ஆபரேஷன்?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு வயது 36. விசைத்தறித் தொழில். ஒரு மகள், ஒரு மகன். இரண்டுமே சிசேரியன். பையன் எடை குறைவாகப் பிறந்து இன்குபேட்டரில் இருந்ததால் அப்போதே குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) செய்யவில்லை. பால் கொடுக்கும் வரை கரு நிற்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பினோம். பையனுக்குப் பத்து மாதம் ஆனபோது மனைவிக்கு மறுபடி நின்றுவிட்டது. உடம்பு தாங்காது, வேண்டாம் என்றாள். நானும் அனுமதித்தேன். எட்டாவது வாரத்தில் அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துக் கலைத்துவிட்டார்கள்.

நான்கு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. கோயிலுக்குப் போனால் கும்பிடக் கை எழவில்லை. வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே எழுதிய மண் இது. நான் செய்தது பாவமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை ரத்து செய்தது சரிதானோ என்றுகூடத் தோன்றுகிறது. நம் நாட்டில் சட்டம் ஏன் இவ்வளவு தளர்வாக இருக்கிறது? கணவனின் சம்மதம்கூடத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னது அதிர்ச்சியாக இருந்தது.

இனி இப்படி நேராமல் இருக்க, தை பிறந்ததும் அவளுக்குக் கு.க. ஆபரேஷன் செய்துவிட முடிவு செய்திருக்கிறோம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வேளையில் இதே விஷயத்தைத்தான் மனத்துக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு திருமண விழாவில் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் மணமக்களை உடனே குழந்தை பெற்றுக்கொள்ளச் சொன்னார். மக்கள்தொகை குறைந்தால் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்கிற கவலை. கவலை நியாயமானதுதான். ஆனால் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று ஊர்ச் சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, அரசாங்கங்கள் கணக்குப் பார்ப்பது பெண்ணின் வயிற்றை வைத்துத்தான். அந்த எரிச்சல் தணியாமல் இருந்தபோது உங்கள் கடிதத்தைத் திறந்தேன். பதிலில் சூடு கொஞ்சம் கூடினால் அதில் பாதி உங்களுக்குரியது அல்ல.

முதலில் உங்கள் தூக்கம். நீங்கள் துக்கப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டாம் என்று தெளிந்து எடுத்த முடிவுக்குப் பிறகும் மனம் கனக்கும். வராமல் போன ஒன்றை நினைத்து ஓர் ஆண் கலங்குவது நம் ஊரில் அபூர்வம். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நன்றி. தூக்கமின்மை தொடர்ந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள், சும்மா விடாதீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவி தூங்குகிறாரா? கடிதத்தை இரண்டு முறை படித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. வயிற்றில் இரண்டு தையல், கையில் பத்து மாதக் குழந்தை, அதற்கு மேல் மாத்திரையின் இரத்தப்போக்கு, இத்தனையும் பட்டவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது 'வேண்டாம் என்றாள்' என்ற ஒரே வரி.

பாவமா என்றால் எனக்குத் தெரியாது. பாவத்தை நிறுக்கும் தராசு என் கடையில் இல்லை. வள்ளுவரை இந்த வழக்கில் சாட்சிக்கு இழுக்காதீர்கள், அவர் வேறு காலத்தில் வேறு கேள்விகளோடு இருந்தவர். அமெரிக்காவையும் விடுங்கள். 1973இல் அங்கே நீதிமன்றம் அரசியல் சாசன உரிமை என்று கொடுத்ததை 2022 ஜூனில் அதே நீதிமன்றம் திரும்பப் பெற்று, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நம் கதைக்கு வேர் வேறு இடத்தில்.

சட்டம் தளர்வு என்கிறீர்கள். எங்கே தளர்வு? கருவைக் கலைப்பது இன்றைக்கும் நம் நாட்டில் குற்றம்தான். வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவு, புதிய பாரதிய நியாய சம்ஹிதாவிலும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதற்குள் அடக்கம். 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் அந்தக் குற்றத்திலிருந்து மருத்துவருக்கு ஒரு விலக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு 1960களில் இதை ஆராய்ந்ததற்கு முக்கியக் காரணம், கைவைத்தியத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகும் 20 வாரம் வரை ஒரு மருத்துவரும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களும் ஒப்ப வேண்டும். அதைத் தாண்டினால் கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும், அல்லது தாயின் உயிருக்கே ஆபத்து இருக்க வேண்டும். திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 செப்டம்பர் வரை ஆனது.

2023 அக்டோபரில் ஒரு வழக்கு வந்தது, நினைவிருக்கிறதா? 27 வயதுப் பெண், இரண்டு குழந்தைகள், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து. உங்கள் வீட்டைப் போலவே அங்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு இல்லை, கரு நின்றதே தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் கடந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் அனுமதி கொடுத்தது. பிறகு இரண்டு நீதிபதிகளும் இரண்டு திசையில் பிரிந்தார்கள். கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து மறுத்தார்கள். கரு ஆரோக்கியமாக இருக்கிறது, பிரசவத்தை அரசு பார்த்துக்கொள்ளும், வேண்டுமானால் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள். நாட்டிலுள்ள அத்தனை பத்திரிகைகளும் கருவின் உரிமையா தாயின் உரிமையா என்று பத்தி பத்தியாக எழுதின. நான் படித்தவரை, அந்தக் கணவரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

உங்கள் சம்மதம் ஏன் தேவையில்லை என்று கேட்டீர்கள். பதினெட்டு வயது நிறைந்த பெண் தன் உடம்புக்குத் தானே ஒப்புதல் கொடுத்தால் போதும் என்று சட்டம் சொல்கிறது. பழக்க தோஷத்தில் இன்றும் பல மருத்துவமனைகளில் கணவனிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள், அது அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். நீங்கள் அனுமதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இல்லாத அதிகாரத்தை நீங்கள் எப்படி அவருக்கு வழங்கினீர்கள், க.?

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். தை பிறந்ததும் அவருக்குக் கு.க. ஆபரேஷன். இந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை கிழித்துத் தைத்த வயிற்றை மூன்றாம் முறையும் திறக்க நாள் குறித்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு பாவ புண்ணியம் யோசிக்கிறீர்கள். உங்களுக்கு என்ன ஆயிற்று? உங்களிடம் கத்தி நெருங்கக்கூடாது என்று ஏதாவது வேண்டுதலா?

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்கைக் கேளுங்கள். இந்தியாவில் திருமணமான, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட தம்பதிகள் 0.3 சதவீதம். இது ஆதிமுதல் இப்படியே இருந்ததாக நினைக்காதீர்கள். 1950களின் பிற்பகுதியில் நம் சென்னை மாநிலம்தான் அறுவை செய்துகொள்பவருக்கு 30 ரூபாய் என்று பணம் கொடுக்கத் தொடங்கியது. அன்று பெரும்பாலும் வந்தவர்கள் ஆண்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை) செய்துகொண்டார்கள், திருவிழாக் கூட்டம்.

பிறகு எமர்ஜென்சி. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள், அவற்றில் முக்கால் பங்கு ஆண்கள். வட இந்தியக் கிராமங்களில் போலீஸை வைத்துப் பிடித்துக்கொண்டுபோன அக்கிரமம் அது. தேர்தலில் அரசாங்கம் கவிழ்ந்தது. அதிலிருந்து எல்லாக் கட்சிகளும் ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டன: ஆணைத் தொடாதே, ஓட்டுப் போய்விடும். பெண்ணைத் தொட்டால் எந்த அரசாங்கமும் கவிழாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த வாரத்து முகாம்களுக்குப் போனவர்களில் 13 பெண்கள் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் இரண்டு வருடம் கழித்து முகாம்களையே நிறுத்தச் சொன்னது. அதற்காக எந்த அரசாங்கமும் கவிழவில்லை.

என் சித்தி கிராம சுகாதார செவிலியராக இருந்தவர். கோடை விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போனால் எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். தகுதியுள்ள தம்பதிகள் பதிவேடு என்று ஒன்று உண்டு, நீள வாக்கில் கெட்டி அட்டை போட்டது. பழைய ஏடு கிழிந்துவிட்டால் புதிதில் படியெடுக்க வேண்டும். கணவன் பெயர், மனைவி பெயர், வயது, உயிருடன் உள்ள குழந்தைகள், கடைசிக் குழந்தையின் வயது, கடைப்பிடிக்கும் முறை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே ஊராரின் அந்தரங்கம் முழுவதும் எனக்கு மனப்பாடம். கடைசிப் பத்தியில் லூப், காப்பர் டி, மாத்திரை, பெண் அறுவை என்று வரும். ஆண் அறுவை என்று நான் எழுதியதாக நினைவே இல்லை. மார்ச் முடிவதற்குள் இத்தனை கேஸ் பிடிக்க வேண்டும் என்று சித்திக்கு இலக்கு இருக்கும். பிப்ரவரியில் அவர் முகம் வெளுத்துவிடும். இலக்கு என்கிற கொடுமை 1996இல்தான் அதிகாரபூர்வமாக ஒழிந்தது.

அந்த ஏட்டில் ஐந்து குழந்தைகள் என்று எழுதிய ஒரு வரி. கணவர் வண்டி ஓட்டுபவர். சித்தி திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். "எனக்குப் பாரம் தூக்குகிற தொழில் அம்மா, இடுப்பு போய்விடும். அவளுக்கு வேண்டுமானால் செய்துவிடுங்கள்" என்றார். அந்தப் பெண்ணுக்கு இரத்தசோகை, மருத்துவர் அறுவைக்கு ஒப்பவில்லை. ஆறாவது நின்றது. யாருக்கும் சொல்லாமல் கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டார். காய்ச்சல் கண்டு, நான்காம் நாள் வண்டி கட்டிக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். கருக்கலைப்புச் சட்டம் அமலுக்கு வந்து ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருந்தது. அடுத்த விடுமுறையில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கச் சொல்லி சித்தி ஸ்கேலை என் கையில் கொடுத்தார். குறிப்புப் பத்தியில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். 'இறப்பு' என்று மட்டும் எழுது என்றார். அந்தக் கணவரும் உங்களைப் போலப் பல மாதம் தூங்கவில்லை, மெலிந்து கரியாகிவிட்டார் என்று ஊரில் சொன்னார்கள். அவர் துக்கம் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. திண்ணையில் அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தத் துக்கமே தேவைப்பட்டிருக்காது.

பெரியார் 1930 வாக்கிலேயே இதை எழுதினார். மற்றவர்கள் கர்ப்பத்தடையை நாட்டு வறுமைக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருக்கவும் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்றார். அவர் சிலைக்கு மாலை போடுகிற ஊரில்தான் அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சீட்டு வேண்டாம் என்று விதி இருந்தும் பல மருந்துக்கடைகளில் கையை விரிக்கிறார்கள். அது தனிக் கட்டுரை, இன்னொரு நாள்.

நான் என் இரண்டாவது மகள் பிறந்த வருடம் வாசக்டமி செய்துகொண்டேன். ஏதோ சாதனை செய்ததாகச் சொல்லவில்லை, பல் பிடுங்கிக்கொள்வதைவிடக் குறைந்த தொல்லை. அறுவை அரங்கின் வாசலில் நின்ற ஊழியர் என்னைப் பார்த்து "பேஷண்ட் எங்கே?" என்றார். நான்தான் என்றதும் உள்ளே போய் யாரையோ அழைத்துவந்து காட்டினார். மரத்துப்போக ஊசி போட்டார்கள், தோலில் ஒரு சிறு துளை, கால்மணி நேரம். தையல்கூட இல்லை. பெண்ணுக்குச் செய்வதென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும், அதுவும் முன்பே இரண்டு சிசேரியன் ஆன வயிறு என்றால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடிய சதையை விலக்கி வேலை செய்ய வேண்டிவரலாம். ஆண்மை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மனத்தில் ஓடும். குறையாது. விந்தில் உயிரணு வராது, வேறு எதுவும் மாறாது.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். தன் ஆபரேஷனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு, நானோ நீங்களோ குறுக்கே நிற்க உரிமையில்லை. ஆனால் முதலில் அப்படி ஒரு வழி இருப்பதை அவர் உங்கள் வாயால் கேட்கட்டும். அவர் சரி என்றால் தை வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருடந்தோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை நவீன வாசக்டமி இருவார விழா என்று அரசு மருத்துவமனைகளில் நடத்துகிறார்கள், மற்ற நாட்களிலும் செய்வார்கள், இலவசம். செய்த அன்றே பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்து மறுபடி மாட்டிக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை, உயிரணு இல்லை என்று சீட்டு வந்த பிறகுதான் நிம்மதி. இரண்டு நாள் ஓய்வு போதும், தறி ஓட்டலாம். பாவு பீம் தூக்கி மாட்டுவதற்கு மட்டும் அந்த ஒரு வாரம் பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.