இரவு இரண்டு மணிக்கு வரும் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து வெருலமிலிருந்து எழுதுகிறேன். வேலூர் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவரின் குடும்பம் நான்கு தலைமுறையாக டர்பன் பக்கம்தான். மனதைப் பழக்குவது பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டுத் தினமும் காலையில் கால் மணி நேரம் கண்மூடி உட்கார முயல்கிறேன். ஒரு நாள்கூட ஒழுங்காக முடியவில்லை.

எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது நிற்கும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பல நாள் இரவு இரண்டு மணிக்குக் குழாயில் காற்றுச் சத்தம் கேட்கும். எழுந்து வாளி, டிரம், கேன் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுப் படுப்பேன். ஐந்து மணிக்குச் சமையல், ஆறரைக்கு ஷேர் டாக்சி பிடித்து வேலைக்குப் போக வேண்டும். தண்ணீர் சேமிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஜோஜோ டேங்க், வைக்க இப்போது வசதியில்லை. எட்டு வயது மகனிடம் எதற்கெடுத்தாலும் கத்துகிறேன். போன வாரம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டான் என்று அடித்தும்விட்டேன். அலுவலகத்தில் கணக்கில் தப்பு வருகிறது.

மாமியார் டர்பனின் பழைய தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். "எங்களுக்குப் பொதுக்குழாய்தான். நாங்க யாரும் இப்படிக் கத்தினதில்லை. உனக்குப் பொறுமை இல்லை" என்கிறார். அலுவலகப் பயிற்சி ஒன்றில் மனிதத் தேவைகளைப் பிரமிடாக வரைந்து காட்டினார்கள்; கீழே உடல் தேவைகள், மேலே மனதின் தேவைகள். அதில் நான் அடித்தட்டில் நிற்பதாகத் தோன்றியது. அப்படியானால் தியானம், படிப்பு, கோயில் எல்லாம் எனக்கு இப்போது இல்லை என்று அர்த்தமா? சாலைக்கு எதிர்ப்புறம் தகரக் குடிசைகளில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குள் குழாயே கிடையாது. அவர்களைப் பார்க்கும்போது புகார் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் மனம்தான் பலவீனமா?

ச., வெருலம்

*

அன்புள்ள ச.,

உங்கள் மனதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தூக்கம் இல்லை. கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் முதலில் அதைத்தான் பேச வேண்டும்.

இரண்டு மணிக்கு எழுந்து, எல்லாம் நிரப்பி முடித்துப் படுத்து, மறுபடி ஐந்துக்குள் எழுந்தால் மொத்தம் ஐந்து மணி நேரம் தேறலாம். அதுவும் நடுவில் உடைந்த தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆட்களை இரண்டு வாரம் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் தூங்கவிட்டார்கள். கடைசியில் கவனச் சோதனைகளில் அவர்கள் ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களைப் போலத் தடுமாறினார்கள். ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் என்றார்கள். தூக்கம் குறையும்போது, எவ்வளவு குறைந்திருக்கிறோம் என்று கண்டுகொள்ளும் திறனும் சேர்ந்து போய்விடுகிறது. கணக்கில் வரும் தப்புக்கும் மகன் மேல் விழுந்த அடிக்கும் நீங்கள் காரணத்தை உங்கள் குணத்தில் தேடுகிறீர்கள். அதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். தண்ணீர் தட்டுப்பாடான நாட்களில் நீங்கள் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறீர்களா? பிள்ளைகளுக்கு இருக்கட்டும், கழிவறைக்கு ஊற்றவும் வேண்டுமே என்று நம் வீட்டுப் பெண்கள் முதலில் குறைத்துக்கொள்வது தங்கள் டம்ளரைத்தான். உடல் எடையில் ஒன்றிரண்டு சதவீத அளவு நீர் குறைந்தாலே தலைவலி, கவனக் குறைவு, எரிச்சல் எல்லாம் வந்துவிடும். உங்கள் கோபத்தில் ஒரு பங்கு வெறும் தாகமாகக்கூட இருக்கலாம்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பத்து எவை என்று எண்ணிச் சொல்லும் பழைய பாட்டில் மானம், கல்வி, அறிவு, தானம் எல்லாம் வருகின்றன. அந்தப் பத்தில் தவமும் ஒன்று. நீங்கள் காலையில் உட்கார்ந்து தோற்றுப்போகிறீர்களே, அதுதான். வயிறும் உடம்பும் வாடும்போது தவம் நிற்காது என்பது நம்மவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதை அவர்கள் யாருடைய குணக்கேடாகவும் எழுதி வைக்கவில்லை.

1944, 45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்துப் பட்டினி ஆய்வு ஒன்று நடத்தினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். போரில் பட்டினி கிடக்கும் மக்களுக்கு உதவட்டும் என்று தாங்களாக முன்வந்தவர்கள். மன உறுதியைச் சோதித்துத்தான் எடுத்தார்கள். ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. அந்த நல்ல பிள்ளைகள் சிடுசிடுத்தார்கள், பேச்சைக் குறைத்தார்கள், படிப்பில் மனம் போகவில்லை, எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய கொள்கை மாறவில்லை. உடம்பில்தான் சத்து இல்லாமல் போயிற்று.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஆய்வு வேறு. அது உங்கள் ஊர்ப்பக்கம் நடந்தது. 2013இல் வெளியானது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை எடுத்துக்கொண்டார்கள். கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். அறுவடைக்கு முன் கடன், அடகு, கைமாற்று. அறுவடைக்குப் பின் கொஞ்சம் மூச்சுவிடலாம். அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று அதே விவசாயிகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன் சராசரியாக மோசமாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள். படிப்பு அதே படிப்பு. ஆய்வு செய்தவர்கள் சொன்ன காரணம் இது: பற்றாக்குறை மனதின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, மற்ற வேலைக்கு மிச்சம் இருப்பதுதான் குறைகிறது. வட ஆற்காட்டிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போனது. "கூலிக்கு மூளை கிடையாது" என்று எத்தனை முதலாளி சொல்லியிருப்பான்!

இனி உங்கள் தெருவுக்கு வருகிறேன். தண்ணீர் குறைவு என்பது ஒரு கஷ்டம். எப்போது வரும் என்று தெரியாதது இன்னொரு கஷ்டம். இரண்டாவதுதான் ஆளை அதிகம் தின்கிறது என்பது என் எண்ணம். 2023ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு 300க்கும் மேற்பட்ட நாட்கள் நாட்டில் மின்வெட்டு. ஆனால் அதற்கு அட்டவணை இருந்தது. மாலை ஆறு முதல் எட்டு வரை கரண்ட் இல்லை என்று போனில் பார்த்துவிட்டு ஐந்தரைக்கே சோற்றை வடித்து வைத்தோம். எரிச்சல்தான், இருந்தாலும் படுக்கும்போது மனம் படுத்துக்கொண்டது. உங்களுக்கோ தூக்கத்திலும் ஒரு காது குழாயில் இருக்கிறது. 2016இல் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. லேசான மின் அதிர்ச்சி கட்டாயம் வரும் என்று தெரிந்தவர்களைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்ற நிலையில் இருந்தவர்களுக்குத்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. அந்த நிலையில் நீங்கள் மாதக்கணக்காக இருக்கிறீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி உங்கள் பக்கத்து ஊரான டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்தபோது, கேனோடு லாரிக்குக் காத்து நின்ற முகங்களில் நான் பார்த்ததும் இதைத்தான். லாரி இன்று வருமா என்பதுதான் எல்லார் வாயிலும்.

சரி, பிரமிடு. தேவைகளை இப்படி வரிசைப்படுத்திய உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. பின்னால் நிர்வாகப் பாடம் நடத்தியவர்கள் வரைந்த படம் அது. ஒரு தேவை முழுதாக நிறைந்த பிறகுதான் அடுத்தது பிறக்கும் என்று நினைக்காதீர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். விளக்குவதற்காக ஒரு சாதாரண மனிதனுக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமரியாதை 40, தன் திறமைக்கேற்ப மலர்வது 10 என்று உத்தேசக் கணக்கும் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒரே நேரத்தில், அரைகுறையாக. சிலி நாட்டுப் பொருளியலாளர் மன்ஃப்ரெட் மாக்ஸ்-நீஃப் இன்னும் ஒரு படி மேலே போனார். உயிர்வாழ்வதைத் தவிர மற்றத் தேவைகளுக்குள் மேல் கீழ் இல்லை என்றார். அவருடைய பட்டியலில் ஓய்வும் ஒரு தேவை. அன்பு, பங்கெடுப்பு, அடையாளம் ஆகியவற்றோடு சமமாக அது நிற்கிறது. எனக்கு அவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

இதற்கு ஆதாரம் உங்கள் கணவரின் முன்னோர்களே. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து முதல் கூட்டம் டர்பனில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு வந்தவர்களும் ஐந்து வருட ஒப்பந்தத்தில், மாதம் பத்து ஷில்லிங் கூலியில் தொடங்கியவர்கள். வயிறு நிறையட்டும் என்று அவர்கள் சாமியைத் தள்ளி வைக்கவில்லை. மண்சுவரும் புல்கூரையுமாகக் கோயில் கட்டினார்கள். தோட்டக் குடியிருப்பில் இரவெல்லாம் தெருக்கூத்து ஆடினார்கள். ஆகவே கோயிலும் படிப்பும் உங்களுக்கும் இப்போதே உண்டு. டேங்க் வாங்கிய பிறகு என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆனால் இதை வைத்து, அவர்களுக்கு எதுவும் வலிக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நேட்டாலில் ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே தற்கொலைகள் மிக அதிகமாக இருந்தன. அது அந்தக் காலத்திலேயே பேசப்பட்டு, பதிவான விஷயம். தாங்கிக்கொண்டவர்களின் கதைதான் வீட்டில் சொல்லப்படும். தாங்க முடியாமல் போனவர்களின் கதையைச் சொல்ல வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

உங்கள் மாமியார் சொல்வதை நான் பொய் என்று தள்ளமாட்டேன். மேகசின் பாரக்ஸ் நகராட்சித் தொழிலாளிகளின் குடியிருப்பு, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். நெருக்கடியான இடம். 1960களில் அதைக் காலி செய்து, இந்தியர்களுக்கென்று கட்டிய சாட்ஸ்வர்த் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அங்கே வீட்டுக்குள் குழாய் இருந்தது. இருந்தும் அந்தத் தலைமுறை பாரக்ஸைப் பற்றி இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறது. ஏன் என்று அவரிடமே கேளுங்கள். கோபமாக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள். "அத்தை, உங்க அம்மா தண்ணி பிடிக்கப் போனப்ப உங்களை யார் பாத்துக்கிட்டாங்க?" பக்கத்து வீடு, எதிர் வீடு, சித்தி, ஆயா என்று பெயர்கள் வரிசையாக வரும் என்று நினைக்கிறேன். அவருக்குப் பொறுமை அதிகம் இருந்திருக்கலாம். கூட ஆட்களும் அதிகம் இருந்தார்கள். நீங்கள் இரண்டு மணிக்குத் தனியாக எழுந்திருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த வெட்கம். எதிர்ப்புறத்தில் இருப்பவர்கள் நிலை உங்களுடையதைவிட மோசம், உண்மைதான். அதனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அவர்கள் வீட்டுக்குக் குழாய் வந்துவிடாது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு, போதுமான உணவுக்கும் தண்ணீருக்கும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்கிறது. இலவசத் தண்ணீர்க் கொள்கையில் ஒரு வீட்டுக்கு மாதம் 6000 லிட்டர் என்று வைத்தார்கள். எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர் வரும். அது போதாது, 50 வேண்டும் என்று ஜோஹன்னஸ்பர்கின் சொவெட்டோ மக்கள் வழக்குப் போட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனார்கள். 2009இல் தோற்றார்கள். எனக்கு இன்றும் அந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. ஆனால் அவர்கள் கேட்கக் கூச்சப்படவில்லை பாருங்கள். வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதும்போது எதிர்ப்புறத்துக் குடும்பங்களின் கையெழுத்தும் அதே தாளில் இருக்கட்டும். தண்ணீர் வரும் நேரத்தையாவது முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று முதல் வரியிலேயே கேளுங்கள். குழாயைச் சரிசெய்ய நாளாகலாம், நேரம் சொல்ல ஒரு செய்தி போதும்.

காலைத் தியானத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தக் கால் மணி நேரமும் தூங்குங்கள். ஒரு இரவு நீங்கள், ஒரு இரவு கணவர் என்று முறை வையுங்கள். இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம், அவரும் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார். மகனிடம், "அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, நீ தப்புப் பண்ணலை, அடிச்சது என் தப்பு" என்று நேராகச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். தண்ணீர் ஒழுங்காக வந்து, நன்றாகத் தூங்கிய பிறகும் சில வாரம் இந்த எரிச்சலும் வெறுமையும் போகாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தெருவில் எல்லா வீட்டிலும் இரண்டு மணிக்கு ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமை நான்கைந்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு வாட்ஸ்அப் குழு போதும். இன்று இந்த வீடு முழித்திருக்கும், தண்ணீர் வந்ததும் மற்றவர்களுக்குப் போன் அடிக்கும். நாளை அடுத்த வீடு. வராத இரவுகளில் மற்ற எல்லாரும் விடியும்வரை தூங்கலாம். மாமியாரையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள், யாரை எப்படிச் சேர்ப்பது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வீடு சேர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா