கேள்வி உங்களுடையது, திருப்புளி என்னுடையது

(மட்டக்களப்பு கல்லடியில் மின்சாதனம் திருத்தும் கடை நடத்துபவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். சித்திரை வருடப் பிறப்புக்கு வரும்போது மகனுக்கு ஒரு பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது மகனோ, "பெட்டி எதற்கு அம்மா? மாதச் சந்தா கட்டினால் கிளவுடிலேயே விளையாடலாம், காசு மிச்சம்" என்கிறான். அவனுக்குப் பதினைந்து வயது. யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், காரைதீவு

தங்கச்சி, உங்கள் மகன் கெட்டிக்காரன். தகப்பனின் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆனால் அவன் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

கிளவுட் என்றாலும் பெட்டி இருக்கத்தான் செய்கிறது. அது உங்கள் வீட்டு ரி.வி.க்குக் கீழே இல்லாமல் வேறொரு நாட்டில் இருக்கிறது. விளையாட்டை அங்கே ஓட்டி, படத்தை மட்டும் வீடியோவாக அனுப்புகிறார்கள். மகன் பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி காரைதீவிலிருந்து கொழும்புக்குப் போய், கடலடிக் கேபிளில் இறங்கி, அந்தப் பெட்டியைத் தொட்டு, படமாகத் திரும்பி வரவேண்டும். சிங்கப்பூரில் பெட்டி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையிலிருந்து நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர 25 மில்லிசெக்கன். செக்கனுக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லிசெக்கன்தான். ஆக, அங்கே உள்ள பெட்டி வேலை செய்யும் நேரத்தைச் சேர்க்காமலே, போய்வரும் வழியில் மட்டும் ஒன்றரைப் படம் போய்விட்டது. கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை.

கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதக்கூடாது என்று, போன மாரியில் ஆரையம்பதியில் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து இதைப் பரீட்சித்துப் பார்த்தேன். பைபர் இணைப்பு, நல்ல ரி.வி. பகல் இரண்டு மணிக்குக் கால்பந்து விளையாடினோம். உண்மையைச் சொல்கிறேன், வீட்டுப் பெட்டிக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நண்பரின் மகனுக்குத்தான் தெரிந்தது. இரவு எட்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். அந்த நேரம் தெரு முழுக்கக் கைபேசியில் நாடகம் பார்க்கிறது. நான் பந்தை உதைத்தேன். என் ஆள் யோசித்துவிட்டு உதைத்தான். மழை பலத்ததும் படம் பிட்டு உதிர்வதுபோல் கட்டம் கட்டமாக உதிர்ந்தது. ஐந்து கோல் வாங்கினேன். அதில் மூன்று இணைப்பின் குற்றம், இரண்டு என் குற்றம்.

இனி விடுபட்ட வரிக்கு வருவோம். ஜீபோர்ஸ் நவ் என்ற கிளவுட் சேவை, சுமாரான தெளிவுக்கே 15 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 15 மெகாபிட்) இணைய வேகம் வேண்டும் என்கிறது. முழுத் தெளிவுக்கு 25. அந்த 15 ஐ முழுதாகப் பாவித்தால் மணித்தியாலத்துக்கு ஏழு ஜிபி வரை கரையும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றாலும் மாத முடிவில் 200 ஜிபி. சந்தா ஒரு பக்கம், டேட்டா மறுபக்கம். ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை.

வீட்டுப் பெட்டியில் போட்டு விளையாடும் டிஸ்க்கிலும் டேட்டா செலவு இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். புது விளையாட்டைப் போட்டதும் "அப்டேட்" என்று பல ஜிபி கேட்கும். ஆனால் அது ஒரு தடவை இறங்கினால் போதும். உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால், இறங்கட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கலாம். இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இன்னொன்று. மைக்ரோசொப்டின் விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பொக்ஸின் கிளவுட் சேவை 2020 செப்டெம்பரில் 22 நாடுகளில் தொடங்கியது. அதில் இலங்கை இல்லை. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது வரும் நாட்டுப் பட்டியலிலும் நம் பெயர் இல்லை. நம் பிள்ளைகள் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டுக் கணக்கில் செல்லும் முன்பண அட்டையை வாங்கிச் சமாளிக்கிறார்கள். டிஸ்க் வாங்கி விளையாடுகிறவனுக்கு இந்தக் கூத்து பெரிதாகத் தேவைப்படாது. கிளவுடுக்கு இந்த வாசலைத் தாண்டாமல் உள்ளே போகவே முடியாது.

ஆகவே கணவர் கொண்டுவரட்டும். டிஸ்க் போடும் வாய் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வந்த 2020 இலிருந்தே வாய் இல்லாத மாடலும் கூடவே விற்பனைக்கு இருக்கிறது. விலை குறைவு என்று அதை வாங்கிவந்துவிட்டு என் கடை வாசலில் தலையில் கைவைத்து நின்றவர்கள் உண்டு. கட்டாரில் வாங்கிய டிஸ்க் இங்கே ஓடும். ஆனால் அந்த விளையாட்டுக்கு மேலதிகமாக ஏதாவது ஒன்லைனில் வாங்குவதென்றால், டிஸ்க் எந்தப் பிராந்தியத்துடையதோ கணக்கும் அதே பிராந்தியத்துடையதாக இருக்கவேண்டும். மகன் முடித்த டிஸ்க்கைக் கல்முனையில் உள்ள மச்சானிடம் கொடுத்து வேறொன்று வாங்கலாம். சந்தாவை அப்படி மாற்ற முடியாது.

கேள்வி: வந்தாறுமூலையில் கடைசி வருடம் படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். கையில் இருப்பது ஒரு பழைய லப்டொப் மட்டும். எனக்கும் பெட்டியைத்தான் சொல்வீர்களா, அண்ணே?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய மாணவர்

இல்லை தம்பி. விடுதி அறையில் பெட்டி வைத்தால் ஒரு வாரத்தில் அது உமது பெட்டியாக இராது. உம்மைப் போன்றவருக்குத்தான் கிளவுட். லப்டொப் பழசானாலும் வீடியோ ஓடினால் போதும். கஷ்டமான வேலையை எங்கோ உள்ள இயந்திரம் செய்யும். லீவுக்கு ஒரு மாதம் கட்டலாம், பரீட்சை வந்தால் நிறுத்தலாம்.

ஜீபோர்ஸ் நவ்வில் எனக்குப் பிடித்த விஷயம், ஸ்டீம் போன்ற இணையக் கடையில் நீர் ஏற்கெனவே வாங்கிய விளையாட்டைத்தான் அங்கே ஓட்டுகிறீர். சந்தா முடிந்தாலும் விளையாட்டு உமது கணக்கில் இருக்கும். இலவசமாகவும் பார்க்கலாம், ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலம். எதுவானாலும் காசு கட்டுமுன் இலங்கை முகவரியையும் அட்டையையும் ஏற்கிறார்களா என்று பாரும். விபிஎன் (வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டும் சேவை) போட்டு ஏமாற்றலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது பாதையை இன்னும் நீட்டும், ஆட்டம் இன்னும் தாமதிக்கும். கதை சொல்லும் விளையாட்டு, யோசித்துக் காய் நகர்த்தும் விளையாட்டு என்றால் சரி. சண்டையும் கால்பந்தும் வேண்டாம், என் ஐந்து கோலை நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: என் அலுமாரியில் 32 பிஎஸ்4 டிஸ்க் இருக்கின்றன. கிளவுட் நிறுவனம் மூடினால் எல்லாம் போய்விடும். என் டிஸ்க்கை யாரும் பறிக்க முடியாது. சரிதானே?
– ஒரு வாசகர், கல்முனை

முக்கால் பங்கு சரி. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி 18 இல் மூடியது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது பெரிய மனசு. எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை.

மீதிக் கால் பங்கு உங்கள் அலுமாரிக்குள்ளேயே இருக்கலாம். த குரூ என்று 2014 இல் வந்த ஒரு காரோட்ட விளையாட்டு. எப்போதும் நிறுவனத்தின் சேவரோடு (அவர்களின் மையக் கணினியோடு) இணைந்திருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31 இல் சேவரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர் கையில் மிஞ்சியது வட்டமான பிளாஸ்டிக். உங்கள் 32 இல் எத்தனை இணையம் இல்லாமல் ஓடுகின்றன என்று ஒரு நாள் றவுட்டரை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். நின்டெண்டோ சுவிட்ச் 2 என்ற விளையாட்டுப் பெட்டி வாங்கும் யோசனை இருந்தால் கவனம்: டிஸ்க்குக்குப் பதிலாக அதில் போடும் சில அட்டைகளில் விளையாட்டு இருக்காது, இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டுமே இருக்கும்.

பிஎஸ்4 க்குள் கடிகாரத்துக்காக ஒரு நாணய பற்றரி இருக்கிறது. அது செத்து, நிறுவனத்தின் சேவரோடும் தொடர்பு இல்லாமல் போனால் டிஸ்க் கூட ஓடாது என்ற கோளாறு முன்பு இருந்தது. 2021 இல் வந்த 9.00 அப்டேட்டோடு அது தீர்ந்தது. உங்கள் பெட்டியில் அந்த அப்டேட் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டே வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவில்

எழுதலாம் சேர். எழுதினால் என் கடைக்கு யார் வருவது?

கேள்வி: எங்கள் பிஎஸ்4 ஓடும்போது மா அரைக்கும் மில் போலச் சத்தம் போடுகிறது. சில நாளில் தானே அணைந்துவிடுகிறது. வீடு கடற்கரைக்குப் பக்கத்தில்.
– ஒரு வாசகி, வாழைச்சேனை

இதுதான் பெட்டி வைத்திருப்பதன் செலவு, மேலே அதைச் சொல்லாமல் விட்டேன். கிளவுடில் தூசி தட்டுவது அவர்கள் பாடு. நமக்குக் கச்சான் காற்றில் மணல், வாடையில் உப்பு ஈரம். விசிறியில் தூசி அடைந்தால் அது வேகமாகச் சுற்றும், அதுதான் மில் சத்தம். சூடு தாங்காமல் பெட்டி தானே அணைகிறது. திறந்து துப்புரவு செய்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பிஎஸ்4 ஐக் கைப்பழக்கம் உள்ள யாரும் திறக்கலாம். பிஎஸ்5 இல் பசைக்குப் பதில் திரவ உலோகம், அதை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

பாவிக்காத நாளிலும் வாரத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்னால் உள்ள காற்றுத் துவாரத்தை ரோர்ச் அடித்துப் பாருங்கள். போன மாதம் ஏறாவூரிலிருந்து வந்த ஒரு பெட்டியில் பவர் போர்டைக் குறுக்காகக் கட்டிப்பிடித்தபடி ஒரு பல்லி செத்துக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு எரிந்த பியூஸை மாற்றினேன், பெட்டி ஓடியது. பல்லிக்குக் கூலி கேட்கவில்லை.